நாலு மணி நேரம் முன்னால் கிளம்பும் கப்பல்: குரூஸ் வழித்தடமும் எண்ணெய்ச் செலவும்

கேட்டிருப்பது இது: பார்சிலோனாவில் ஏறி ஏழு ராத்திரி மத்தியத் தரைக்கடல் குரூஸ். மார்செய், ஜெனோவா, சிவிடவெக்கியா, நேப்பிள்ஸ், மெசினா, கடைசியில் ஒரு முழு நாள் கடலில், எட்டாம் நாள் காலை மறுபடி பார்சிலோனா. பணம் முழுதும் கட்டியாயிற்று. போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. மார்செய்யிலிருந்து இரவு 10 மணிக்குப் பதிலாக மாலை 6 மணிக்கே கப்பல் புறப்படுமாம். மெசினா இல்லையாம், அந்த நாளும் கடலில்தானாம். எரிபொருள் செலவைக் கருதிச் சீரமைத்திருக்கிறோம் என்று ஒரே வரி காரணம். இது நிஜமா, சாக்கா? தூரம் மாறாதபோது முன்னால் கிளம்புவதில் எண்ணெய் எப்படி மிச்சமாகும்? பணம் ஏதாவது திரும்ப வருமா?

நிஜம்தான். கொஞ்சம் சாக்கும் கலந்திருக்கிறது. பயணிகள் கப்பல்களில் இன்ஜின் பக்கம் பதினோரு வருடம் இருந்தவன் என்பதால் முதலில் எண்ணெய்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பணத்துக்கு வருகிறேன்.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கப்பலின் எண்ணெய்க் கணக்கு சட்டென்று பிடிபடாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற உடம்பு அது. வேகம் ஏற ஏற, தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதால் அதே தூரத்துக்கு எண்ணெய் நான்கு மடங்கு ஆகும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: வேகத்தில் பத்து சதவீதம் குறைத்தால் அதே தூரத்துக்கு எண்ணெய் கிட்டத்தட்ட இருபது சதவீதம் குறைகிறது. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வழித்தடம் போடுகிறவர்களின் வேலை முழுக்க இந்த ஒரு விதியைச் சுற்றித்தான்.

உங்கள் மார்செய்யையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து ஜெனோவா ஏறக்குறைய 200 கடல் மைல். இரவு 10 மணிக்குக் கிளம்பிக் காலை 8 மணிக்குச் சேர வேண்டுமானால் கையில் 10 மணி நேரம், அதாவது 20 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). மாலை 6 மணிக்குக் கிளம்பினால் 14 மணி நேரம், 14.3 நாட் போதும். நடுத்தர அளவுக் கப்பல் ஒன்று 20 நாட்டில் ஓட 24 மெகாவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 14.3 நாட்டில் 9 மெகாவாட்டுக்கும் கீழே வந்துவிடும். ஒரு மெகாவாட்டை ஒரு மணி நேரம் ஓட்டச் சுமார் 200 கிலோ எண்ணெய். கூட்டிக் கழித்தால் அந்த ஒரு ராத்திரியில் 23 டன்னுக்கு மேல் மிச்சம். டன் 600 டாலர் என்றால் 14,000 டாலர். இத்தனைக்கும் துறைமுகம் ஒன்றுகூடக் குறையவில்லை. உங்களுக்குப் போனது மார்செய்யில் ஒரு சாயங்காலமும் ராத்திரிச் சாப்பாடும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இப்போதைய குரூஸ் கப்பல்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் நேராக ப்ரொப்பல்லரைச் சுற்றுவதில்லை. நாலைந்து பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் மின்சாரம் தயாரிக்கும். அந்த மின்சாரத்தில்தான் ப்ரொப்பல்லர் மோட்டாரும் ஓடும், உங்கள் கேபின் ஏசியும் ஓடும், சமையலறை அடுப்பும் எரியும். ஜெனரேட்டர் முக்கால் பங்குக்கு மேல் சுமையில் ஓடும்போதுதான் எண்ணெயைச் சிக்கனமாகக் குடிக்கும். அதனால் இன்ஜின் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவனின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இன்றைக்கு ராத்திரி மூன்றில் ஒப்பேற்றலாமா, நான்காவதைப் போட வேண்டுமா? நான்காவதைப் போட்டால் நாலுமே அரை வயிற்றில் ஓடும்.

ஒருமுறை இத்தாலியத் துறைமுகம் ஒன்றில் காற்று பலமாக அடித்ததால், கப்பலைத் துறைமுகத்திலிருந்து வழிகாட்டி வெளியே கொண்டுபோகும் பைலட் வர இரண்டு மணி நேரம் தாமதம். கப்பல் கரையை விட்டதும், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலிருந்து போன், நான்காவது ஜெனரேட்டர் வேண்டும் என்று. சீஃப் இன்ஜினியர் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "எவ்வளவு நேரத்துக்கு?" என்று மட்டும் கேட்டார். "காலை வரைக்கும்." மறுநாள், தினமும் அனுப்பும் நண்பகல் அறிக்கை போன கையோடு அலுவலகத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது: திட்டத்தைவிட இத்தனை டன் கூடுதல், ஏன்? காற்று என்று எழுதினோம். காற்றுக்கு விலக்கு உண்டு. பயணிகள் மார்செய்யில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட ஆசைப்பட்டார்கள் என்று எழுதினால் விலக்கு கிடைக்காது.

இனி மெசினா. கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரிவது கஷ்டம். நேப்பிள்ஸிலிருந்து மெசினா 170 கடல் மைல்தான், பக்கம்தான். செலவு அங்கே போவதில் இல்லை, அங்கிருந்து பார்சிலோனா திரும்புவதில் இருக்கிறது. மெசினாவில் மாலை 4 மணிக்குக் கிளம்பி, நடுவில் ஒரு முழு நாள் கடலில், எட்டாம் நாள் காலை 6 மணிக்குப் பார்சிலோனாவில் இருக்க வேண்டுமானால் 38 மணி நேரத்தில் 660 கடல் மைல் போக வேண்டும். 17 நாட்டுக்கு மேல், விடாமல். மெசினாவை எடுத்துவிட்டால் நேப்பிள்ஸை மாலை 7 மணிக்கு விட்டு 560 கடல் மைலை 59 மணி நேரத்தில் கடந்தால் போதும். பத்து நாட் வேகம்கூட வேண்டாம். மேலே சொன்ன அதே கப்பலை வைத்துக் கணக்கிட்டால் 100 டன் எண்ணெய்க்கு மேல் மிச்சம். விலையில் 60,000 டாலரைத் தாண்டும். ஏழு ராத்திரிப் பயணத்தில் ஒரே ஒரு நிறுத்தத்தை எடுத்ததில் இவ்வளவு.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிவிட்டது. 2025 மே 1 முதல் மத்தியத் தரைக்கடல் முழுவதும் கந்தகக் கட்டுப்பாட்டுப் பகுதி. எண்ணெயில் 0.1 சதவீதத்துக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அல்லது புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் வைத்திருக்க வேண்டும். சுத்தமான எண்ணெய் விலை கூடியது. இதற்கு மேல், கப்பல்கள் 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் வணிகத்துக்குள் வந்துவிட்டன. 2024-ல் வெளியேற்றிய புகையில் 40 சதவீதத்துக்கு, 2025-ல் 70 சதவீதத்துக்கு, 2026 முதல் முழுவதற்கும் காசு கட்ட வேண்டும். ஒரு டன் எண்ணெய் எரித்தால் மூன்று டன்னுக்கு மேல் கரியமில வாயு. கார்பன் டன் 70 யூரோ என்றால், எரிக்கும் ஒவ்வொரு டன் எண்ணெய்க்கும் 200 யூரோவுக்கு மேல் கூடுதல். அதாவது கச்சா எண்ணெய் விலை ஒரு பைசா ஏறாவிட்டாலும் ஐரோப்பாவில் வேகமாகப் போவதன் விலை வருடா வருடம் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு ஒன்றியத் துறைமுகங்களுக்கு நடுவே ஓடினால் முழுக் கணக்கு. ஒரு முனை துனிசியாவிலோ துருக்கியிலோ இருந்தால் அந்த ஓட்டத்துக்குப் பாதிதான். வழித்தடம் போடுகிறவர்கள் இதையெல்லாம் பார்க்காமல் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

சாக்கு என்றேனே, அது இங்கே வருகிறது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கசினோ மூடியிருக்கும், வரியில்லாக் கடையும் மூடியிருக்கும். பெரும்பாலான இடங்களில் சட்டப்படி கடலில்தான் திறக்கலாம். ஸ்பா, மதுக்கடை எல்லாவற்றுக்கும் கூட்டம் கடல் நாளில்தான். மெசினாவை எடுத்துவிட்டால் துறைமுகக் கட்டணம் மிச்சம், எண்ணெய் மிச்சம், கசினோவுக்கு ஒரு நாள் லாபம். மின்னஞ்சலில் எழுதுவது எண்ணெயை மட்டும். கடலிலேயே சுற்றிவிட்டு வரும் ‘ஹை சீ’ குரூஸை எத்தனை கம்பெனிகள் சந்தோஷமாக விற்கின்றன என்று பார்த்தால் புரியும். சிங்கப்பூரிலிருந்து டிஸ்னி கம்பெனி அறிவித்த மூன்று, நாலு ராத்திரிப் பயணங்களில் நிறுத்தம் என்று எதுவுமே கிடையாது. கப்பல்தான் ஊர் என்று விற்கிறார்கள். அது எண்ணெயால் மட்டும் வந்த யோசனை இல்லை. ஆனால் எண்ணெய்க்கு ரொம்பத் தோதான யோசனை.

நேராக டிக்கெட்டில் கூடுதல் கட்டணம் போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தார்கள். 2007 நவம்பரில் கார்னிவல் குழுமம் ஆளுக்கு நாளுக்கு 5 டாலர் எரிபொருள் கூடுதல் கட்டணம் அறிவித்தது. ராயல் கரீபியனும் பின்னாலேயே வந்தது. தப்பு எங்கே நடந்தது என்றால், ஏற்கெனவே புக் செய்தவர்களிடமும் கேட்டார்கள். ஃப்ளோரிடா அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் தலையிட, 2008-ல் ராயல் கரீபியன் 2 கோடி டாலருக்கு மேலும், கார்னிவல் குழுமம் சுமார் 4 கோடி டாலரும் திருப்பித் தர ஒத்துக்கொண்டன. அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. சூடு பட்ட பூனை. அதற்கப்புறம் கம்பெனிகள் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவை எழுதிவைத்துக்கொண்டன: கச்சா எண்ணெய் 65 அல்லது 70 டாலரைத் தாண்டினால் ஆளுக்கு நாளுக்கு 9, 10 டாலர் வரை வசூலிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று. 2022-ல் விலை 120 டாலரைத் தாண்டியபோதுகூட அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் அந்த உரிமையைக் கையில் எடுக்கவில்லை.

இது வேடிக்கையான கணக்கு. மார்செய்யில் முன்னால் கிளம்பியதில் மிச்சமான 14,000 டாலரை 2,500 பயணிகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறு டாலர்கூடத் தேறாது. கூடுதல் கட்டணம் போட்டால் இதைவிட அதிகம் வரும். ஆனால் பில்லில் 10 டாலர் ஏறினால் சண்டைக்கு வருபவர்கள், புறப்படும் நேரம் நாலு மணி நேரம் முன்னால் போனதைக் கவனிப்பதுகூட இல்லை. நீங்கள் கவனித்ததே அபூர்வம்.

எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ராயல் கரீபியன், நார்வீஜியன் போன்றவை எரிபொருளின் ஒரு பகுதியை முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொள்பவை. கார்னிவல் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. சந்தை விலைக்கே வாங்கும், பதிலுக்குக் குறைவாக எரிப்பதில் குறியாக இருக்கும். 2023-ல் அந்தக் குழுமம் எரித்தது சுமார் 29 லட்சம் டன், செலவு 200 கோடி டாலர். கிராண்ட் பஹாமா தீவில் 2025 ஜூலையில் அவர்கள் திறந்த செலிப்ரேஷன் கீ என்ற சொந்தக் கடற்கரையை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஃப்ளோரிடாவிலிருந்து கூப்பிடு தூரம். தூரத்துக் கரீபியத் தீவுக்குப் பதில் அங்கே நிறுத்தினால் கப்பல் மெதுவாகவே போகலாம். எரிபொருள் மிச்சமாகும் என்று கம்பெனியே முதலீட்டாளர்களிடம் சொன்னது. பயணி செலவழிக்கும் காசும் வெளியே போகாது.

எண்ணெய்க்காகப் பயணத்தையே மாற்றுவது புதுசும் இல்லை. எனக்குப் பிடித்த உதாரணம் ‘பிரான்ஸ்’ என்ற கப்பல். 1962-ல் அட்லாண்டிக்கில் ஓடத் தொடங்கியது, 30 நாட் வேகம், நாலு ப்ரொப்பல்லர், பிரெஞ்சு அரசின் பெருமை. 1973 நெருக்கடியில் எண்ணெய் விலை பல மடங்கு ஏற, அரசு மானியத்தை நிறுத்தியது; 1974-ல் கப்பலும் நின்றது. ஐந்து வருடம் லே ஹாவ்ரில் கட்டிக் கிடந்ததை 1979-ல் நார்வேக்காரர் க்னூட் க்லோஸ்டர் வாங்கினார். வாங்கியதும் இரண்டு இன்ஜின் அறைகளில் ஒன்றை மூடி, நாலு ப்ரொப்பல்லரில் இரண்டைக் கழற்றிவிட்டார். வேகம் ஏறக்குறையப் பாதியானது. ‘நார்வே’ என்று பெயர் மாற்றி, 1980-ல் மயாமியிலிருந்து கரீபியனுக்கு ஒரு வாரப் பயணங்கள். நிறுத்தங்கள் சொற்பம், அதில் ஒன்று கம்பெனியின் சொந்தத் தீவான கிரேட் ஸ்டிரப் கே. மெதுவாகப் போகும் பெரிய கப்பல், குறைந்த நிறுத்தம், நிறையக் கடல் நாள், சொந்தத் தீவு என்று இன்றைக்குப் பார்க்கிற குரூஸ் முழுவதும் அந்த ஒரு எண்ணெய் நெருக்கடியிலிருந்து வந்ததோ என்று எனக்கு அடிக்கடித் தோன்றும். 2003-ல் மயாமியில் பாய்லர் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். 2006-ல் குஜராத்தின் ஆலங் கரையில் அந்தக் கப்பலை ஏற்றினார்கள், அங்கேதான் உடைத்தார்கள்.

எதை வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகிற கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் ராத்திரி எட்டு மணிக்கு வந்து நின்றுவிட்டு நள்ளிரவில் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஊர் பார்க்க அது நேரமே இல்லை. 1886-ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஒரு அமெரிக்க ஊரில் பயணிகளை ஏற்றி, வேறு அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்விட்டு, நடுவில் வெளிநாட்டு மண்ணைத் தொடாமல் அதே ஊரில் இறக்கக் கூடாது. எண்ணெய் எவ்வளவு ஏறினாலும் விக்டோரியாவை எடுக்க மாட்டார்கள். வெட்டு வேறு எங்கேயாவது விழும்.

சரி, பணம். டிக்கெட் ஒப்பந்தத்தில் வழித்தடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை கம்பெனிக்கு இருக்கும். கையெழுத்துப் போட்டபோது யாரும் படிப்பதில்லை. நடைமுறையில் மெசினாவுக்கென்று உங்களிடம் வாங்கிய துறைமுக வரியும் கட்டணமும் திரும்ப வரும், அதுவும் பெரும்பாலும் கப்பலில் செலவழிக்கும் கணக்கில். சின்னத் தொகைதான். மெசினாவிலிருந்து போகும் டாவோர்மினா, எட்னா எரிமலைச் சுற்றுலாவைக் கம்பெனி வழியாகவே புக் செய்திருந்தால் அது தானாகத் திரும்பும். வெளியாளிடம் புக் செய்திருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள். கடைசி இரண்டு நாளில் பலர் திருப்பித் தருவதில்லை. மார்செய்யில் மதியத்துக்கு மேல் ஏதாவது போட்டிருந்தால் அதையும் பாருங்கள். ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் ஏறியிருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ தொகுப்புப் பயணமாக வாங்கியவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. எரிபொருளைக் காட்டி விலையை ஏற்றலாம், ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். பயணத்துக்கு 20 நாளுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அபராதமில்லாமல் விலகிக்கொள்ளலாம். எரிபொருள் விலை இறங்கினால் குறைக்கச் சொல்லும் உரிமையும் அதே ஒப்பந்தத்தில் வர வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. பயணத்தின் முக்கிய அம்சத்தைப் பெரிதாக மாற்றினாலும் விலகலாம். ஐந்து ஊரில் ஒன்று போனது பெரிய மாற்றமா என்பது வாதத்துக்குரியது. இந்தியாவில் ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கு இந்தச் சட்டம் தானாக வந்து சேராது. ஆனாலும் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்: மெசினாவின் வரி எவ்வளவு, எப்படித் திருப்புகிறீர்கள், இதைத் தவிர ஈடு ஏதாவது உண்டா என்று மூன்றே கேள்வி. போனில் கேட்டால் “பார்க்கிறேன் சார்” என்பதோடு முடிந்துவிடும். மரியாதையாகக் கேட்ட சிலருக்குக் கப்பல் கணக்கில் ஐம்பது, நூறு டாலர் சேர்த்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ரத்து செய்துவிட்டு வேறு கப்பல் தேட நான் சொல்ல மாட்டேன். முழுப் பணமும் கட்டிய பிறகு ரத்துக் கட்டணம், மெசினாவின் மதிப்பைவிட நிச்சயம் அதிகம்.

அடுத்த முறை புக் செய்யும்போது ஊர்ப் பெயர்களை மட்டும் பார்க்காமல் நேரப் பட்டியலையும் பாருங்கள். ஒரு ஊரை விடும் நேரம், அடுத்த ஊரைத் தொடும் நேரம், நடுவில் எத்தனை கடல் மைல். வகுத்தால் 18, 19 நாட் வருகிற ராத்திரி எங்கே இருக்கிறதோ, எண்ணெய் ஏறும்போது முதலில் கை வைப்பது அங்கேதான்.

இந்தப் பயணத்தில் ஒன்று செய்து பாருங்கள். கேபின் டிவியில் கப்பலின் இடத்தையும் வேகத்தையும் காட்டும் சேனல் இருக்கும். நேப்பிள்ஸை விட்ட ராத்திரி, படுக்கும் முன் பாருங்கள். ஒன்பது, ஒன்பதரை என்று நிற்கும். பின்பக்கத் தளத்துக்குப் போனால் வெள்ளை நுரைத் தடம்கூடச் சரியாகத் தெரியாது, அவ்வளவு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். கீழே இரண்டு ஜெனரேட்டர்தான் ஓடும். இன்ஜின் அறையில் வாட்ச் டியூட்டி பார்க்கிற பையன் டீ போட்டுக்கொண்டிருப்பான்.